இரண்டு மீட்டர் உள்ள வீடு

பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் நடத்தும்போது, ஒரு யூனிட் மின்சாரம் என்றால் எவ்வளவு என்று பிள்ளைகளுக்கு உறைக்க வைக்க ஒரு கணக்குப் போடுவேன். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. அதாவது 36 லட்சம் ஜூல். அந்த ஆற்றல் வீணாகாமல் கிடைத்தால் ஆயிரம் லிட்டர் தண்ணீரை நேர் மேலே 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். நம்ம திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். ஆக, மொட்டைமாடி டேங்க் ஒன்று நிறைய இருக்கிற தண்ணீரை உச்சிப் பிள்ளையார் வாசல் வரைக்கும் நாலு தடவை ஏற்றுகிற வேலை ஒரே ஒரு யூனிட்டில் இருக்கிறது. “இதையே குடத்துல சுமந்து ஏத்தச் சொன்னா எத்தனை பேருடா வருவீங்க?” என்று கேட்பேன். ஒருத்தனும் கை தூக்க மாட்டான். அதோடு பாடம் முடியும்.

அந்தக் கணக்கை என் வீட்டு ஈ.பி. கார்டுக்குப் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை. ஓய்வு பெற்று, பொழுது போகாமல் பழைய கார்டுகளை எல்லாம் எடுத்து ரீடிங்கை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

உறையூரில் எங்கள் தெருவில் எனக்குச் சிக்கனக்காரர் என்று பெயர். சும்மா வந்த பெயர் இல்லை, நானே பாடுபட்டுச் சம்பாதித்தது. எங்கள் பக்கத்தில் முதலில் எல்ஈடி பல்புக்கு மாறிய வீடுகளில் என் வீடும் ஒன்று. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்ஈடி தந்துவிடும் என்று போவோர் வருவோரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். 75 வாட் இழுக்கும் பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு, 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன்களை மாட்டினேன். ஏசி வாங்கும்போதும் ஐந்து நட்சத்திரம், அதிலும் இன்வெர்ட்டர். பள்ளி விழாக்களில், ரோட்டரிக் கூட்டங்களில், ஒரு முறை கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்த இடத்தில்கூட மின்சிக்கனம் பற்றிப் பேசியிருக்கிறேன்.

இவ்வளவும் செய்த வீட்டில் இன்றைக்கு ஓடும் யூனிட், குண்டு பல்பும் பழைய ஃபேனும் இருந்த காலத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வீட்டில் ஆள் கூடவில்லை. பையன் வேலைக்குப் பெங்களூர் போய்விட்டதால் ஒரு ஆள் குறைந்தேதான் இருக்கிறது.

எப்படி ஏறியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் முன்பு ஒரு டியூப்லைட், 40 வாட். எல்ஈடி வந்த பிறகு, “இதெல்லாம் கரண்டே இழுக்காதே” என்று ஃபால்ஸ் சீலிங் போட்டு அதில் சுற்றிலும் ஸ்பாட் லைட் பதித்தேன். அலமாரிக்கு உள்ளே விளக்கு, சாமி படத்துக்குப் பின்னால் விளக்கு, வாசல் தூணில் விடிய விடிய எரியும் விளக்கு. ஃபேன் விஷயத்தில் நடந்தது இன்னும் கேவலம். பழைய ஃபேன் என்றால் அறையை விட்டு வெளியே வரும்போது கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். புதுசு ரிமோட்டில் ஓடுவது. ரிமோட் எங்கேயாவது தலையணைக்கு அடியில் கிடக்கும். தேடுவதற்குச் சோம்பல்பட்டு, “முப்பது வாட்டுதானே” என்று ஓடவிட்டு வந்துவிடுவேன். ஆள் இல்லாத அறையில் சுற்றும் ஃபேன் யாரையும் குளிர வைப்பதில்லை. காற்று உடம்பில் பட்டு வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான்.

கீசர் கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். திருச்சியில் சித்திரை மாதம் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் குழாயில் வரும்போதே கை சுடும். அந்த மாதத்திலும் எங்கள் கீசரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மார்கழியில் போட்ட சுவிட்ச். யாரும் அணைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏசி தனிக் கதை. முதலில் இருந்தது பழைய மாடல், மூன்று நட்சத்திரம். அதைப் போட்டால் மீட்டர் பறக்கும் என்ற பயம் வீட்டில் எல்லாருக்கும் இருந்தது. அக்கினி நட்சத்திரத்தில் மட்டும், இரவில் மட்டும், தூக்கம் பிடித்ததும் அணைப்பது என்று ஒரு கட்டுப்பாடு தானாகவே நடந்தது. அது பழுதாகி ஐந்து நட்சத்திரம் வந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. மாசியிலேயே ஆரம்பித்து ஐப்பசி வரை ஓட்டினோம். இரவோடு நிற்காமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஓடியது. பிறகு, படுக்கையறை மட்டும் குளுகுளு என்று இருந்தால் கூடம் நரகமாகத் தெரியும் அல்லவா, கூடத்துக்கும் ஒன்று வாங்கினோம். அதுவும் ஐந்து நட்சத்திரம்தான், மனச்சாட்சிக்கு.

அந்த நட்சத்திரச் சீட்டைக் கொஞ்சம் கவனித்துப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆண்டுக்கு இத்தனை யூனிட் ஆகும் என்று அதில் போட்டிருக்கும் எண், வருடத்துக்கு 1600 மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொண்டு போட்டது. தினம் எட்டு மணி நேரம் என்றால் இருநூறு இரவுகள். நான் அதையும் தாண்டி எங்கேயோ போய்விட்டேன். மூன்று நட்சத்திரத்திலிருந்து ஐந்துக்குப் போனதில் மணிக்கு மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகியிருக்கலாம். ஓட்டிய மணிகள் இரண்டு மடங்கு, கருவியும் இரண்டு. இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

வெப்பநிலை விஷயத்திலும் இதே கதைதான். 2020 முதல் விற்கப்படும் ஏசிகள் சுவிட்ச் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. ஒவ்வொரு டிகிரி ஏற்றி வைக்கும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. நான் கூட்டங்களில் இந்த 6 சதவீதத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து 20-இல் வைத்துவிட்டுக் கம்பளியைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பேன். எங்கம்மா ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஏண்டா, குளிருதுன்னு போர்வையா, போர்வை இருக்குன்னு குளிரா?” என்றாள். அம்மா ஏசி அறையில் படுக்க மாட்டாள். கூடத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் பாய் போட்டுப் படுப்பாள். கூடத்துக்கு ஏசி வந்த பிறகு ஜன்னலைத் திறக்கக் கூடாது என்றோம். பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். சிக்கனமாக வாழ்ந்த ஒரே ஆளை வீட்டின் புழுக்கமான மூலைக்குத் தள்ளியதும் நான்தான்.

இந்த நோய் எனக்கு மட்டும் வந்ததல்ல. 1865-இல் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இங்கிலாந்தின் நிலக்கரி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நியூகோமனின் பழைய நீராவி எந்திரத்தைவிட வாட்டின் எந்திரம் மிகக் குறைந்த கரியில் அதே வேலையைச் செய்தது. அதனால் கரிச்செலவு குறையவில்லை, ஏறியது. மலிவாகிப்போன எந்திரத்தை எல்லா ஆலைக்காரரும் மாட்டிக்கொண்டார்கள். இது எனக்குத் தெரியும். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு வெளியே சொல்லியும் இருக்கிறேன். அது ஊருக்கு, நாட்டுக்கு நடப்பது, படித்தவன் வீட்டில் நடக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: மிச்சமானதை எல்லாரும் முழுசாகத் தின்றுவிடுவதில்லை. குண்டு பல்பு ஒழிந்ததில் நாட்டுக்கு லாபம்தான். முழுசாகத் தின்று மேலும் கேட்டது என் வீடு.

சரி, நான் சிக்கனமே செய்யவில்லையா என்றால், செய்தேன். செல்போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்குவேன். போனை மாட்டாமல் சும்மா தொங்கும் சார்ஜர் இழுப்பது அரை வாட்டுக்கும் கீழே. வருடம் முழுக்க அப்படியே கிடந்தாலும் மூன்று நான்கு யூனிட்டைத் தாண்டாது. அதாவது ஒரு வருடம் பூராவும் சார்ஜர் பிடுங்கி நான் மிச்சம் பிடித்ததை ஒரே இரவில் படுக்கையறை ஏசி தின்றுவிடும். அதைவிட, டிவியை அணைத்த பிறகும் பத்து வாட் போல இழுத்துக்கொண்டிருக்கும் செட்டாப் பாக்ஸை அணைத்திருந்தால்கூட நியாயம் இருந்திருக்கும். அது டிவிக்குப் பின்னால், குனிய வேண்டும். சார்ஜர் கண்ணுக்கு நேரே இருக்கிறது, நாலு பேர் பார்க்கப் பிடுங்கலாம்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா ஒரு நாள் காலையில் மகளுடைய ஸ்கூல் யூனிஃபார்மைக் கொண்டுவந்து எங்கள் அயர்ன் பாக்ஸில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுப் பெட்டி பழுது. என் மனைவிதான் தேய்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று இப்போது யோசிக்கிறேன். “ஆயிரம் வாட்டும்மா அது, என்னமா இழுக்கும் தெரியுமா?” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பெட்டியை அணைத்தார். ஒரு கை சுருக்கமாகவே இருந்த சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். பத்து நிமிடம் தேய்த்திருப்பார். ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு. நான் அந்த உபதேசம் செய்துகொண்டிருந்த நேரத்தில், காலை எட்டு மணி, யாரும் இல்லாத படுக்கையறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டில் ஒரு ஃபேன், இரண்டு விளக்கு, ஒரு டிவி. இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 இலவச யூனிட்டைத் தாண்டாத வீடு அது. மின்சிக்கனம் பற்றிப் பேசும் தகுதி அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலுக்குள் இருந்தவர்களில், அம்மாவை விட்டால், அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் செய்தது வேறு விதம். படுக்கையறை ஏசியின் அவுட்டோர் யூனிட்டை மாட்ட என் பக்கம் இடம் இருந்தும், வாசல் அழகு கெடும் என்று பின் சந்தில் மாட்டினேன். அது ஊதும் அனல் காற்று நேராக அவர்கள் சமையலறை ஜன்னலுக்குப் போகும். ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை; அறையிலிருந்து எடுத்து, தன் மோட்டார் வெப்பத்தையும் சேர்த்து, வெளியே தள்ளுகிறது. இதுவும் பாடத்தில் வருவதுதான். இரண்டு கோடை பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்களும் ஏசி வாங்கினார்கள். எந்தக் கம்பெனி நல்லது என்று என்னிடம்தான் யோசனை கேட்டார்கள்.

2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை முதன்முறையாக 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அந்தக் கோடையில் ஒரு ராத்திரி எங்கள் தெருவுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போய்விட்டது. எல்லாரும் விசிறியும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டோம். லைன்மேன் வந்து ஃபியூஸ் போட்டார். அரை மணியில் மறுபடியும் போனது. கம்பத்தடியில் நின்றபடி, “எல்லா வீட்லயும் ஒரே நேரத்துல ஏசிய போட்டா இது எப்படி சார் தாங்கும்? ஆளுக்கு ஒண்ணாவது ஆஃப் பண்ணுங்க” என்றார். எதிர்வீட்டுப் பையன், என் பழைய மாணவன், என் பக்கம் திரும்பி, “உங்க வீட்ல எத்தனை சார்?” என்றான். “ஒண்ணுதாம்ப்பா. அதுவும் அம்மாவுக்காக” என்று சொன்னேன். பொய். ஃபியூஸ் போகும்வரை இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன, இரண்டிலும் அம்மா இல்லை. அவள் அப்போது திண்ணையில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். காது நன்றாகக் கேட்கும். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது மீட்டருக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, படிப்படியாக ஏறும் விலை. முதல் 100 யூனிட் 2016 முதல் எல்லாருக்கும் இலவசம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. கீழே இருக்கும் சில யூனிட்டுகளுக்கும் மானியம் போய்விடும். இதனால் 500 என்ற எண் தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்துக்கு லட்சுமணக் கோடு. ரீடிங் எடுக்க வரும் தேதி நெருங்கினால் தினமும் மீட்டரைப் போய்ப் பார்த்து வருவோம். ரெண்டு ஏசி வந்த பிறகு அந்தக் கோட்டுக்குள் நிற்க முடியவில்லை. நிற்க என்ன வழி என்று நான் யோசித்தது ஏசியைக் குறைப்பதை அல்ல. மாடியில் ஒரு அறை, ஒரு குளியலறை இருக்கிறது. அதைத் தனிப் போர்ஷன், வாடகைக்கு விடப்போகிறோம் என்று சொல்லி இரண்டாவது சர்வீஸ் வாங்கினேன். தனியாகத் தெரிவதற்காக ஒரு சமையல் மேடையும் கட்டினேன். அந்த மேடையில் இதுவரை பால்கூடக் காய்ச்சியதில்லை. எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு ஏசி, கீசர், மோட்டார் மூன்றையும் அந்த மீட்டருக்கு மாற்றினேன்.

லாபம் எவ்வளவு என்று கேட்டால், 2022 செப்டம்பரில் வந்த விலைப்பட்டியலை வைத்துச் சொல்கிறேன். 900 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் ஏறக்குறைய 5,550 ரூபாய். அதையே 450, 450 என்று இரண்டு மீட்டரில் பிரித்தால் இரண்டும் சேர்ந்து 2,850. பாதிக்குப் பாதி. ஒரு யூனிட்கூடக் குறையவில்லை. இலவச 100 யூனிட் இரண்டு முறை. அந்த இலவசம் வானத்திலிருந்து வருவதல்ல, அரசு மானியமாகக் கட்டுவது, அதாவது எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா தீப்பெட்டி வாங்கும்போது கட்டும் வரியும் அதில் இருக்கிறது. அதிகமாக ஓட்டுகிறவனைத் தடுக்கக் கட்டிய சுவரில் நான் ஒரு கதவு வைத்துக்கொண்டேன். வெளியில் சொல்லும்போது, “பில் பாதியாக் குறைஞ்சிடுச்சு” என்று சொன்னேன். கேட்டவர்கள் ஐந்து நட்சத்திரத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

ரூபாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் விஷயம். யூனிட்டைப் பார்த்திருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வந்திருக்கும். ஆனி, ஆடியில் என்றால் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகள் சுழலும். சித்திரை ராத்திரியில் அந்தக் காற்றும் இருக்காது, சூரியனும் இருக்காது. அந்த நேரத்துச் சுமையில் பெரும்பங்கைக் கரிதான் தூக்குகிறது. நம் நாட்டுக் கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் எரிய வேண்டும். அந்தக் கரியில் மூன்றில் ஒரு பங்கு போல வெறும் சாம்பல். ஒரு ராத்திரி இரண்டு ஏசிக்கும் சேர்த்து எட்டு யூனிட் என்றால் ஐந்தரைக் கிலோ கரி, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சாம்பல். அது என் வாசலில் கொட்டப்பட்டிருந்தால் மறுநாளே ஏசியை விற்றிருப்பேன். அந்தக் கரி ஒடிசாவின் தால்சேரில் வெட்டப்பட்டு, பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலில் எண்ணூர் வந்து, எரிந்து, சாம்பலாகி, செப்பாக்கம் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சாம்பல் குட்டையில் சேர்கிறது. வழியில் குழாய் உடைந்து கசிந்த சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் அடியில் படிந்து, இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்கள் வலையை மடித்து வைக்க நேர்ந்தது. நெய்வேலிப் பக்கம் வளையமாதேவியில் 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பயிர் நின்ற நெல் வயலில் இயந்திரங்கள் இறங்கியதை டிவியில் பார்த்தேன். அநியாயம் என்று கத்தினேன். கூடத்து ஏசியில் உட்கார்ந்துகொண்டு.

சோலார் போடலாமே என்பீர்கள். விலை கேட்டு வைத்திருக்கிறேன். மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம், நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் போல வரும். நல்ல திட்டம், போட முடிந்தவர்கள் போட வேண்டும். அந்த விலைத்தாளின் ஓரத்தில் நான் பென்சிலால் போட்டிருந்த கணக்கைப் பிறகு பார்த்தேன். இந்தப் பன்னிரண்டு யூனிட்டுக்கு அம்மா அறைக்கும் ஒன்று மாட்டினால் எத்தனை மணி ஓடும் என்று போட்டிருந்தேன். அம்மா கேட்கவே இல்லை. அந்தத் தாளை மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டேன். என் கையில் கொடுத்தால் சூரியனும் பத்தாது.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கூடத்து ஏசியைத் துணி போட்டு மூடியாயிற்று; ஜன்னல் திறந்தது; அம்மாவின் பாய் திரும்பி வந்தது. மொட்டைமாடியில் வெள்ளைப் பூச்சு அடித்ததில் மாடி அறையின் அனல் கொஞ்சம் தணிந்திருக்கிறது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்; ஒரு ஏசி விலையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. படுக்கையறையில் 27-இல் வைத்து ஃபேனையும் போட்டால் தூக்கம் வருகிறது. பத்து நாளுக்கு மேல் உடம்பு முரண்டு பிடித்தது, பிறகு பழகிவிட்டது. கீசர் சுவிட்சை அணைப்பதை என் மனைவி பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பெயரை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது. அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். “இப்ப வீட்லயே வாங்கிட்டோம் சார்” என்றார்.

ஃபால்ஸ் சீலிங் அப்படியே இருக்கிறது. விருந்தாளி வந்தால் எல்லா ஸ்பாட் லைட்டையும் போட இன்னமும் கை போகிறது.

இரண்டு மீட்டரையும் சேர்த்துக் கூட்டி ஒரே எண்ணாக நோட்டில் எழுதுகிறேன். போன முறை கூட்டியபோது 560 வந்தது. மாடி சர்வீஸை ஒப்படைத்து ஒன்றாக்கிவிட்டால் நான் 500-ஐத் தாண்டியவன், முழு விலையும் கட்ட வேண்டும். அதற்கான விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் போடவில்லை. 500-க்குள் வந்ததும் போடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். “500-க்குள்ள வந்துட்டா அப்புறம் போடறதுக்கு என்ன இருக்கு?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பம் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.